சோம்பு வாசம் வந்தால் நிறுத்து

நடு பேரிங் எரிந்துபோனது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பழைய எந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது பெரிய காரியமில்லை. பூட்டியது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். கப்பல் பட்டறையிலோ பஸ் டிப்போவிலோ லிஃப்ட் கம்பெனியிலோ கிரீஸ் போகாத நகத்தோடு சோறு தின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நீட்டி எழுத வராது.

ஒன்றே ஒன்று

நான் கப்பல் பட்டறை ஆள். ஓய்வு பெற்ற பிறகு புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. துவாஸில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபோர்மனாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒருநாள் பெரிய லாரியில் ஒரு நீராவி இன்ஜின் வந்து இறங்கியது. மலாயாக் காலத்தில் எக்ஸ்பிரஸ் வண்டி இழுப்பதற்கென்று செய்தது. அந்த மாதிரியில் அது ஒன்றுதான். வேகச் சோதனை அன்றைக்கே நடு பேரிங் எரிந்து நின்றுவிட்டதால் இரண்டாவது செய்யவில்லை. இதையும் பிறகு ஓட்டவில்லை. ஷெட்டில் கிடந்தது, பிறகு காயலான் கடையில் கிடந்தது. ஒன்றே ஒன்று என்றால் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நட்டு உடைந்தால் அந்த நட்டு உலகத்திலேயே இல்லை.

காயலான் கடையிலிருந்து அதை வாங்கியவர் காதர் பாய். கப்பல் சாமான் வியாபாரம் செய்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், கையில் தடி. சோதனையன்று அதை ஓட்டிய டிரைவர் யூசுப் இவருடைய அண்ணன். விசாரணை நடத்தினார்கள். எண்ணெய்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது, ஆகவே டிரைவர் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார் என்று முடித்தார்கள். அதற்குப் பிறகு யூசுப் ரிட்டயர் ஆகும்வரை யார்டில் சின்ன இன்ஜினில் காலி ரயில் பெட்டி தள்ளினார். ‘எண்ணெய் யூசுப்’ என்று பெயர் வைத்தார்கள். ஆள் மண்ணுக்குப் போயும் பெயர் போகவில்லை.

பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பாய் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: “அன்னைக்குக் காலைல எங்க அண்ணன் அடியில போய் எண்ணெய் ஊத்திட்டு வந்ததை நான் கண்ணால பார்த்தேன். நெத்தியெல்லாம் எண்ணெய். சின்னப் பிள்ளைன்னு என்னை யாரும் கேக்கல. இது எழுபது மைல் வேகத்துல ஓடணும். அன்னைக்கு ஏன் எரிஞ்சுதுன்னும் எனக்குத் தெரியணும்.”

குப்பைக்கு ஒரு டின்

நடு பேரிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர். இரண்டு வெளியே, கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது நடுவில், சக்கரங்களுக்கு இடையில். அதன் தண்டு அச்சைப் பிடித்துச் சுற்றுகிற இடம் நடு பேரிங். ஓடும்போது யாராலும் பார்க்க முடியாது. அதன் தலையில் ஒரு எண்ணெய்க் கிண்ணம். கிண்ணத்தின் துளையில், கம்பியில் நூல் சுற்றிய ஒரு திரி. எண்ணெய் ஒரேயடியாகக் கொட்டாமலும், நின்றுவிடாமலும் சொட்டுச் சொட்டாக இறங்குவது அந்தத் திரியால். விரல் நீளம்கூட இல்லை.

பிரிக்கும்போது எது கையில் வந்தாலும் காலி மைலோ பான டின்னில் போட்டு, மேலே டேப் ஒட்டி எழுதிவைப்பது என் வழக்கம். கப்பலில் பழகியது. நடு பேரிங்கைத் திறந்தபோது உள்ளே பூசிய ஈயம் உருகி ஓடியது ஓடியபடியே இறுகியிருந்தது. அன்றைக்கு நின்றது, அப்படியே நின்றிருக்கிறது. கிண்ணத்தின் துளையில் கறுப்பாக ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. பழைய திரி. ஊசியால் குத்தி எடுத்து டின்னில் போட்டேன்.

ஸ்டோர் பார்க்கிற ஆ ஹோக் பக்கத்தில் நின்றான். அவன் பேச்சில் பாதி ஆங்கிலம், பாதி மலாய். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அங்கிள், குப்பைக்குமா டின் போடுவீங்க?”

தேக்காவில் கம்பளி

அந்தக் காலத்து இன்ஜின்களைப் பற்றிய கையேடு ஒன்றில் திரிக்குக் கம்பளி நூல் என்று போட்டிருந்தது. என் அறுபது வருட வேலையில் திரி கட்டியதில்லை. கப்பலில் எண்ணெய் பம்ப்பில் வரும். சரி, கம்பளி நூல்தானே என்று ஆ ஹோக்கைக் கூட்டிக்கொண்டு தேக்கா கடைவீதிக்குப் போனேன். வாசல் தோரணமும் பிளாஸ்டிக் பூவும் தொங்குகிற கடை. “உல்லன் நூல் இருக்கா?” என்றேன். உருண்டை உருண்டையாக எடுத்துப் போட்டார் கடைக்காரம்மா. நல்ல தடிப்பு, நல்ல முறுக்கு. ஆரஞ்சு நிறத்தில்தான் பெரிய உருண்டை இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

ஆ ஹோக் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்றான். கடைக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். இரண்டு கிழவன்கள், பட்டறைச் சட்டை, பூட்ஸ். பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “சுவெட்டரா பின்னப் போறீங்க அண்ணே? இந்த ஊர்லயா?”

தடை

நடு பேரிங் சூடானால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். அச்சுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே சோம்பு எண்ணெய். சூடு ஏறினால் குப்பி உடையும். வாசம் மேலே வரும். வாசம் வந்தால் நிறுத்து. அவ்வளவுதான் சட்டம்.

எங்கள் சேஃப்டி ஆபீசர் கலைச்செல்வி. சுவா சூ காங்கில் வீடு. குளிர் ஊர் ஒன்றில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். இரும்பு, செம்பு, ஈயம் எதுவாக இருந்தாலும், “சர்டிபிகேட் எங்க அங்கிள்?” என்பார். நான் கத்துவேன். அவர் திருப்பிக் கத்தமாட்டார். அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். கத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கந்தல் துணி, சோப்பு, நூல் இதற்கெல்லாம் மட்டும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

டிரைவர் முனியாண்டி, குளுவாங்காரர், நீராவி இன்ஜின் ஓட்டிய கடைசி ஆட்களில் ஒருவர். சாப்பிட்டால் சோம்பு மெல்வார். சட்டைப் பையில் எப்போதும் பொட்டலம் இருக்கும். கலைச்செல்வி அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் இன்ஜினில் சிகரெட் படத்துக்குப் பதில் சோம்பு என்று எழுதி, மேலே சிவப்புக் கோடு போட்ட அட்டை தொங்கியது. “இது என்னம்மா அநியாயம், நாப்பது வருசப் பழக்கம்,” என்றார் முனியாண்டி.

“இறங்கி மெல்லுங்க அண்ணே. இன்ஜின்ல சோம்பு வாசம் வந்தா அது பேரிங்காதான் இருக்கணும், உங்க வாயா இருக்கக் கூடாது.”

முதல் தடவை

ஜொகூர் பக்கம் புதுத் தண்டவாளம் ஒன்று போட்டு முடித்திருந்தார்கள். பயணிகளுக்கு இன்னும் திறக்கவில்லை. காலை வேளைகளில் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கினார் பாய். திறந்துவிட்டால் அதற்கப்புறம் நீராவி இன்ஜினை உள்ளே விடமாட்டார்கள்.

புது ஈயம் ஊற்றி, ஆரஞ்சு நூலில் திரி கட்டி ஓட்டினோம். முப்பது மைலில் பூனை மாதிரி போனது. நாற்பது, ஐம்பது, பிரச்சினையில்லை. அறுபதை முள் தொட்டதும் சோம்பு வாசம். முனியாண்டி நீராவியை அடைத்தார். நிற்பதற்குள் அடியில் புகை. இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் தண்டவாளக் கட்டைமேல் ஈயம் பொட்டுப் பொட்டாகத் தெறித்துக் கிடந்தது. பாய் ஓரமாகக் காரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கவில்லை. முனியாண்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நான் மெல்லல அண்ணே. கலைம்மாகிட்ட சொல்லிடுங்க.”

இரண்டாவது தடவை

கப்பல் எந்திரம் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து சுற்றும். ரயில் இன்ஜின் உடம்பை முறுக்கிக்கொண்டு ஓடும். நாங்கள் கப்பல்காரர்கள், பேரிங்கை இறுக்கமாகப் பிடித்துவிட்டோம், அதுதான் கோளாறு என்று முடிவு செய்தேன். புதிதாக ஈயம் ஊற்றி, கொஞ்சம் தளர்வாகக் கடைந்தோம். இந்தத் தடவை எண்ணெய் ஊற்றும்போது கலைச்செல்வி, ஆ ஹோக், நான் மூன்று பேரும் குனிந்து நின்று பார்த்தோம். கிண்ணம் வழிய வழிய ஊற்றினார் முனியாண்டி.

அறுபதைத் தாண்டியதும் மறுபடி வாசம், மறுபடி புகை. பிரித்தபோது பாய் தடியை ஊன்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். “ஊத்துனீங்கதானே?” என்றார். ஊற்றினோம் பாய், மூன்று பேர் சாட்சி என்றேன். “கிண்ணம் காஞ்சு கெடக்கே?” பேரிங் எரிந்தால் அந்தச் சூட்டில் கிண்ணத்து எண்ணெயும் எரிந்து புகையாகப் போய்விடும் பாய், மிச்சம் இருக்காது என்றேன். எனக்கு எரிச்சல். ஒரு மாத வேலை உருகிக் கிடக்கிறது, இந்த மனிதர் கிண்ணத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று. பாய் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“அப்ப ஊத்தியிருந்தாலும் கிண்ணம் காயும். அல்ஹம்துலில்லாஹ்.”

ரஹ்மத்

அந்த வாரமே பாய் ஒருவரைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார். ரஹ்மத். யூசுப்பின் மகன். கேலாங்கில் வீடு, டாக்சி ஓட்டுகிறார். அவருக்கே அறுபது வயதிருக்கும். டாக்சிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார், எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்பதுபோல. பாய் அவரிடம் காய்ந்த கிண்ணத்தைக் காட்டினார். மூன்று பேர் பார்க்க ஊற்றியும் காய்ந்துவிட்டது, உன் வாப்பா மறக்கவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ரஹ்மத் கிண்ணத்தைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னை ‘எண்ணெய் மவன்’ என்று கூப்பிடுவார்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு பாயின் பக்கம் திரும்பி, “இவங்களும் ஏதோ தப்பா செஞ்சிருப்பாங்கன்னுதான் ஊர் சொல்லும்,” என்றார். அது உண்மை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பிச் சொன்னார்:

“எரியறதைக் காட்டக் கூப்பிடாதீங்க சாச்சா. வாப்பா ஆயுசு பூரா அதைத்தான் பார்த்தாங்க. ஓடுனா கூப்பிடுங்க.”

மூன்றாவது தடவை

எண்ணெயை மாற்றினேன். கப்பலுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய். இன்னும் சீக்கிரமாக எரிந்தது. அதைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

தண்டவாளத்துப் பொறுப்பில் இருந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர், என்னைப் பெரியவர் என்று மரியாதையாக ‘பாக் சிக்’ என்பார். தலையை ஆட்டிக்கொண்டே வந்து எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் கோப்பி வாங்கிக் கொடுத்ததிலேயே சேதி தெரிந்துவிட்டது.

“இன்னும் ஒரே ஒரு காலைதான் பாக் சிக். அடுத்த மாதம் இங்கே ஜனங்கள் ஏறிப் போவார்கள்.”

மஞ்சள் கட்டம்

மேசைமேல் மூன்று மைலோ டின்களைக் கவிழ்த்தேன். மூன்று தடவையும் எரிந்த திரிகள். ஆரஞ்சு நிறம் பழுப்பாகி, சுருங்கி, மினுமினுவென்று இறுகியிருந்தன. பேரிங் எரிந்த சூட்டில் திரியும் எரிந்திருக்கிறது, வேறென்ன என்று நினைத்தேன். கலைச்செல்வி ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினார். டிக் டிக் என்றது.

“இது எரியல அங்கிள், உருகியிருக்கு. கம்பளி உருகாது.” எப்படித் தெரியும் என்றேன். “ஹாஸ்டல்ல ஹீட்டர் மேல தொப்பியைக் காயப் போட்டேன். பிளாஸ்டிக் மாதிரி உருகி ஒட்டிக்கிச்சு. வார்டன் திட்டுனாங்க, கம்பளின்னு நெனச்சு வாங்கினியான்னு.”

பட்டறைக்குள் நெருப்புக் கூடாது. அவர் போட்ட விதிதான். ஆகவே மூன்று பேரும் வெளியே போய், சிகரெட் பிடிக்க ஒதுக்கிய மஞ்சள் கோட்டுக் கட்டத்துக்குள் நின்றோம். ஆ ஹோக் லைட்டரைக் கொடுத்தான். தேக்கா உருண்டையிலிருந்து புது நூல் ஒரு இழையைப் பற்றவைத்தார். சுருண்டு, மணி மாதிரி உருண்டது. பிளாஸ்டிக் நாற்றம். “கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரணும்,” என்றார். அறுபது வருடம் எந்திரத்தோடு இருந்தவன் நான். என் பெட்டியில் கம்பளி என்று ஒரு துண்டு இருந்ததில்லை. இந்த ஊரில் யாருக்கு வேண்டும்? உல்லன் என்று கேட்டோம், உல்லன் என்று கொடுத்தார்கள். பேரிங் கொஞ்சம் சூடானதும் நூல் துவண்டு துளையை அடைத்திருக்கிறது. கிண்ணம் நிறைய எண்ணெய் இருக்க, கீழே சொட்டு இல்லை.

ஆ ஹோக் லைட்டரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கலைச்செல்வி கேட்டார்: “அங்கிள், முதல்ல எடுத்த பழைய திரி இருக்கா?”

பழைய திரி

இருந்தது. குப்பை டின். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒரு இழை பிரித்தோம். பாயை வரச் சொல்லிவிட்டுத்தான் பற்றவைத்தார் கலைச்செல்வி. மறுபடி மஞ்சள் கட்டம். பாய் தடியோடு கோட்டுக்குள் நின்றார்.

உருகவில்லை. முடி நாற்றமும் இல்லை. காகிதம் எரிகிற வாசம், மெல்லிய சாம்பல். பருத்தி. அன்றைக்கு ஸ்டோரில் யாரோ, கம்பளி இல்லையென்று, கையில் கிடைத்த நூலைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகப் போனால் பருத்தி தாங்கும். வேகத்தில், சூட்டில், எண்ணெயில் ஊறி நசுங்கிக் கட்டியாகிவிடும். கம்பளி நசுங்கினாலும் நிமிரும், அதனால்தான் கையேட்டில் அது. யூசுப் ஊற்றிய எண்ணெய் கிண்ணத்தில்தான் இருந்தது. கீழே இறங்கவில்லை. பிறகு எரிந்து புகையாகப் போனது. காய்ந்த கிண்ணத்தைப் பார்த்தவர்கள் திரியைப் பார்க்கவில்லை.

இதை நான் சொல்லச் சொல்ல பாய் இழையின் சாம்பலை விரலால் தொட்டார். விரலில் ஒட்டிய சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அந்த டின்னை நான் எடுத்துக்கவா?”

சுவெட்டர்

பேரிங்குக்குப் புது ஈயம் ஊற்றி, பழைய எண்ணெய்க்கே திரும்பியாயிற்று. கடைசிக் காலைக்கு இன்னும் இரண்டு நாள். கம்பளிக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேரமில்லை. மறுநாள் கலைச்செல்வி ஒரு பையோடு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சுவெட்டர். படித்த காலத்தில் போட்டது, முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. இத்தனை வருடம் எதற்கு வைத்திருந்தாரோ. ஓரத்திலிருந்து ஒரு இழையை அறுத்து மஞ்சள் கட்டத்துக்குக் கொண்டுபோனார். முடி கருகுகிற நாற்றம். நாற்றத்தை முகர்ந்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கேன்டீன் மேசையில் உட்கார்ந்து அவர் பிரிக்கப் பிரிக்க நான் கம்பியில் சுற்றினேன். சுவெட்டரின் ஒரு கை போதுமென்றேன். ஒற்றைக் கைச் சுவெட்டர் இனி எதற்கு ஆகும் என்று முழுவதையும் பிரித்துவிட்டார். முடித்ததும் ஒரு டின்னில் மிச்ச நூலைப் போட்டு, மேலே டேப் ஒட்டி, ‘கம்பளி. எரித்துப் பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சர்டிபிகேட். ஆ ஹோக் திரியைக் கிண்ணத்தில் இறக்கிவிட்டு, இன்ஜினின் வயிற்றில் தட்டினான்.

“இந்த ஊர்ல சுவெட்டர் போட்ட ஒரே ஆள் இதுதான் லா.”

எழுபது

ரஹ்மத் வந்திருந்தார். ஓடினால் கூப்பிடுங்கள் என்றவரை, ஓடுவதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டார் பாய். டாக்சியைத் தண்டவாளத்து ஓரம் நிறுத்திவிட்டு, அதில் சாய்ந்து நின்றார்.

இன்ஜினில் முனியாண்டியும் கரி போடுகிற ஆளும் போக, இன்னும் ஒருவருக்குத்தான் இடம். கலைச்செல்வி போட்ட விதி. அது என் இடம். பாய்க்கு ஏற முடியாது. நான் ரஹ்மத்தைப் பார்த்து ஏறச் சொன்னேன். அவர் யோசித்தார். முனியாண்டி மேலிருந்து, “வாங்க, எண்ணெய் ஊத்தியாச்சு, வேணும்னா அடியில வந்து பாருங்க,” என்றார். ரஹ்மத் சட்டையைக் கழற்றி டாக்சியில் போட்டுவிட்டு நிஜமாகவே அடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்தபோது நெற்றியில் எண்ணெய். பாய் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலைச்செல்வி ரஹ்மத்துக்குத் தலைக்கவசம் மாட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, சோம்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஏற்றிவிட்டார்.

முதலில் அவர்கள் வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டும். நானும் பாயும் கலைச்செல்வியும் ஓரத்தில் நின்றோம். முதலில் சத்தம், பிறகு வெள்ளைப் புகை, பிறகு எங்களைக் கடந்து காற்று. பாயின் தொப்பி பறந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. கலைச்செல்வி கையிலிருந்த வேகமானியைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். எழுபத்தொன்று. நான் பார்த்தது அதையல்ல, அடிவயிற்றை. புகை இல்லை. வெகுதூரம் போய் நின்று, பின்பக்கமாக மெதுவாக வந்தது. நான் அடியில் புகுந்து நடு பேரிங்கில் கை வைத்தேன். கையை எடுக்கவில்லை. சூடு அவ்வளவு குறைவு.

ரஹ்மத் இறங்கினார். முகமெல்லாம் கரி. நேராகப் பாயிடம் போனார். பாய் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாசம் வரல சாச்சா. கடைசி வரைக்கும் வரல.”

ஆக, குளிரே தெரியாத ஊர்க்காரர்கள் அன்றைக்கு ஒரு தடவையும் இன்றைக்கு மூன்று தடவையும் எரித்த பேரிங்கை, ஒட்டுப்போட்ட ஒரு சுவெட்டரைப் பிரித்துச் சரிசெய்தவர், நான் தினமும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த கலைச்செல்வி.